கால் பார்க்கிற அண்ணாச்சி

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் காலைத்தான் பார்ப்பார். வந்தவர் கை கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இவர் பார்வை அவர் செருப்பில் இருக்கும். பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து "வாங்க" என்பார். அதற்குள் வந்தவருக்கு முகம் மாறியிருக்கும்.

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் இல்லாதபோது, கால் பார்க்கிற அண்ணாச்சி.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதுகிற குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்புகிற வேலை. மெடிக்கல் கோடிங் என்றால் இப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்றைக்கு என் அப்பாவுக்கே விளக்க வேண்டியிருந்தது.

"டாக்டருதான் நோய் என்னன்னு எழுதிட்டாருல்லா, பெறவு நம்பர் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"இன்சூரன்ஸ்காரனுக்கு வார்த்தை ஆகாதுப்பா. நம்பர்தான் வேணும்."

நாங்கள் பன்னிரண்டு பேர். நான் டீம் லீடர். மற்றவர்கள் எல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். அவர் ஒருவர்தான் நாற்பதைத் தாண்டியவர். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் அம்மா மட்டும். கல்யாணம் ஆகவில்லை. விலங்கியல் படித்துவிட்டு ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினான்கு வருஷம் நின்றவர், அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கான பரீட்சை எழுதித் தேறி வந்திருந்தார். நெற்றியில் கோயில் புற்றுமண், சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச். கரண்டு போனால் உதவும் என்று வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

அவர் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். புதிதாக வந்த பெண் ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள்.

"அக்கா, அந்த அண்ணாச்சி என் காலையே பாக்காரு. தண்ணி குடிக்க எந்திரிச்சாப் பாக்காரு, படி ஏறினாப் பாக்காரு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அவரைத் தனியே கூப்பிட்டேன். இல்லை என்று சொல்வார், நான் கொஞ்சம் கடுமையாகப் பேசி அனுப்பிவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

"பொம்பளைப் பிள்ளைங்க கம்ப்ளெயின்ட் சொல்லுதாக அண்ணாச்சி. நீங்க காலைப் பாக்கீயளாம்."

"ஆமா மேடம். பாக்கேன்."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ளைக்குக் கட்டைவெரல் பக்கத்துல செருப்பு வாரு உரசிப் புண்ணாயிருக்கு. பத்து நாளா ஆறல. சுகர் பாக்கச் சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்லன்னு தெரியல."

"அவளுக்கு இருவத்திரண்டு வயசு."

"சரி மேடம். இனிமேப் பாக்கல."

அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இல்லை. செருப்பை மாற்றினாள், புண் ஆறிவிட்டது. அவர் பார்த்ததெல்லாம் பலித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பார்த்த கால்களில் முக்கால்வாசியில் ஒன்றுமே இருந்ததில்லை. அவருக்கும் அது தெரியும். அதற்காக அவர் பார்க்காமல் இருக்கவுமில்லை. இனிமேல் பார்க்கமாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வார்த்தை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்றில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எங்களுக்கு வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை கால்கள். சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்றே இருந்த ஒரு கிளினிக்கின் வேலை எங்களிடம் இருந்தது. ஒரே ஆளின் குறிப்பு திரும்பத் திரும்ப வரும். பெயரை அழித்திருப்பார்கள். வயது, ஆணா பெண்ணா, ஒரு அடையாள எண், அவ்வளவுதான். முதலில் புண் என்று வரும். பிறகு தசை வரை செத்துவிட்டது என்பதற்கு ஒரு எண், எலும்பு வரை என்பதற்கு ஒரு எண். பிறகு கேங்ரீன், சதை கறுத்து அழுகிப்போவது. அதற்கப்புறம் விரல் இல்லை என்பதற்கு ஓர் எண், பாதம் இல்லை என்பதற்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே இல்லை, முழங்காலுக்கு மேலேயே இல்லை என்று மேலே ஏறிக்கொண்டு போகும். வலதுக்குத் தனி, இடதுக்குத் தனி. நாங்கள் வேகமாகப் போட்டுத் தள்ளுவோம். அவர் மட்டும் ஆளை ஞாபகம் வைத்திருப்பார். நாங்கள் படிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிற நர்ஸ் குறிப்பையும் விடாமல் படிப்பார்.

"மேடம், அந்த அம்பத்தெட்டு வயசுக்காரரு திரும்ப வந்திருக்காரு" என்பார், ஏதோ அந்த ஆள் கீழே மெத்தைக் கடை வாசலில் வந்து நிற்பதுபோல.

அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரின் குறிப்பில் ஒருநாள் டாக்டர் எழுதியிருந்தார்: வலது கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறது, தொட்டால் குளிர்ந்திருக்கிறது, நாடி கிடைக்கவில்லை. கீழே நர்ஸ் ஒரு வரி எழுதியிருந்தாள்: செவ்வாய்க்கிழமையிலிருந்தே நிறம் மாறியிருப்பதாக மனைவி சொல்கிறார். எல்லாம் எழுதியிருந்தது. கேங்ரீன் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயின் பெயரை டாக்டர் எழுதியிருக்க வேண்டும். எழுதாததை நாங்களாக ஊகித்துப் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டருக்கே ஒரு கேள்வி அனுப்பலாம். பதில் வருகிறவரை அந்த வேலை நிற்கும். கேள்விகளைக் குறைக்கச் சொல்லி அந்த மாதம் எனக்கு உத்தரவு வந்திருந்தது.

"இது கேங்ரீன்தான் மேடம்" என்றார்.

"டாக்டர் எழுதலையே."

"எழுதல. கேக்கலாம்லா?"

"எழுதலைன்னா இல்லை அண்ணாச்சி. புண்ணுன்னு போட்டு விட்டுருங்க."

போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து என் மேஜைக்கு வந்து, தன் ஸ்கிரீனைக் காட்டிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அதே அடையாள எண். வலது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

"நம்ம கேட்டிருந்தாலும் அந்தக் காலு போயிருக்கும் மேடம்" என்றார். "டாக்டரு பாத்துக்கிட்டுதானே இருந்தாரு. நம்ம போடுத நம்பருக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தம் இல்ல. எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுப் பழைய குறிப்பைத் திறந்து நர்ஸ் எழுதிய அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஆனா அந்தம்மா செவ்வாக்கிழமையே பாத்திருக்கு."

இன்னொரு காரணத்தை ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் இருந்தபோது பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு அம்மா வாரம் ஒருமுறை வருவார்களாம். வீட்டுக்காரருக்குக் காலில் புண், களிம்பு கொடுங்கள் என்பார்களாம். இவர் கொடுத்திருக்கிறார்.

"ஒருநா அந்த ஆளே கடைக்கு வெளிய பைக்குல உக்காந்திருந்தாரு. கவுண்டருக்கு உள்ள இருந்து பாத்தா மொகம் மட்டுந்தான் தெரியும். என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எட்டிக் காலைப் பாத்திருக்கலாம் மேடம். பாக்கல. அன்னைக்குக் கடையில கூட்டம்."

பிறகு அந்த அம்மா வருவது நின்றுபோயிற்று. சில மாதங்கள் கழித்து அந்த ஆளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். இரண்டு கக்கத்திலும் கட்டை. ஒரு கால் தொடையோடு இல்லை.

"என்னைக் கண்டுபிடிச்சு அவரே கூப்பிட்டாரு. 'உங்க களிம்பு நல்லாத்தான் கேட்டுது தம்பி, எங்க தலையெழுத்து அப்படி'ன்னு சொன்னாரு. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

தட்டிலிருந்த சோற்றை அவர் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

டார்ச் எதற்கு என்று அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. அவர் வருகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர். வலது ஷூவின் ஓரத்தைப் பிளேடால் வெட்டி விட்டிருந்தார். இவர் அதைக் கவனித்துவிட்டார். ஒரு வாரம் விடாமல், "ஷூவைக் கழட்டிக் காட்டுங்க அண்ணாச்சி" என்று அவர் பின்னாலேயே திரிந்திருக்கிறார். தொல்லை தாங்காமல் கண்டக்டர் ஒருநாள் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைசி இரண்டு விரலும் கறுத்திருந்தன. இவரே கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரலோடு போயிற்று, பாதம் பிழைத்தது.

கண்டக்டர் நன்றி உள்ளவர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். "அந்தா வாரார்லா, அவரு பாத்தாரு, எனக்கு ரெண்டு வெரலு விழுந்துட்டு." வேடிக்கை ஊருக்குள் வந்து சேரும்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. அவர் கண் பட்டால் விரல் போய்விடும் என்றார்கள். யாரும் அதை முழுசாக நம்பவில்லை. ஆனால் டீக்கடை பெஞ்சுக்கு அவர் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே இழுத்துக்கொண்டார்கள். ஆபீஸிலும் அப்படித்தான். அவர் என் மேஜைக்கு வரும்போது என் கால்கள் தாமாகவே நாற்காலிக்கு அடியில் போவதை நானே ஒருநாள் கவனித்தேன்.

அவரும் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஆட்களுக்கு நடுவில் கிடக்கிற வெறும் தரையைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார். அப்படி அவர் பேசும்போது, கீழே ஏதோ விழுந்து கிடக்கிறதோ என்று நாமும் குனிந்து பார்ப்போம்.

அந்த வருஷம் ஆடித்தபசுக்குக் கொடி ஏறி நாலாவது நாள், சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரகாரத்தில் ஜனங்கள் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள், அவள் கால்வலியை நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம் என்று நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள். அப்பாவும் வருஷம் தவறாமல் சுற்றுவார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருந்தது. மத்தியானத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று அந்த வெயிலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

ஒரு தூண் ஓரமாக அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். சுற்றுகிறவர்கள் எல்லாம் சந்நிதிப் பக்கம் திரும்பும்போது தலைக்குமேல் கையைத் தூக்குகிறார்கள். இவர் குனிந்தபடியே நிற்கிறார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர். கல் ஆறட்டும் என்று அவ்வப்போது அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீய அண்ணாச்சி?"

"மத்தியானமே வந்துட்டேன் மேடம். கல்லு சுடுது. சுகர் இருக்கவுகளுக்குச் சூடு தெரியாதுல்லா. கொப்புளம் உடைஞ்சு தண்ணி வடியுது, அவுக பாட்டுக்குச் சுத்துதாக."

மறுநாள் ஆபீஸில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், நேத்து அப்பாவைப் பாத்தேன். நடை மாறியிருக்கு. காலை ஒருதரம் பாத்துருங்க. ரெண்டு காலையும்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டுக் காலையுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் போய்விட்டார்.

கோபம் தணிந்து இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு காலை மடக்கி வேட்டிக்குள் வைத்திருந்தார். மற்றக் காலை நீட்டி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கோ. ஒரு கொப்புளம் கிடையாது."

பார்த்தேன். ஒன்றுமில்லை. அது இடது கால். வலது எது, இடது எது என்று நாளெல்லாம் பார்த்துப் பார்த்து எண் போடுகிறவள் நான். மடக்கி வைத்த காலைக் கேட்கத் தோன்றவில்லை. அடுப்பில் பால் இருந்தது. போய்விட்டேன்.

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். கணவர் மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் நானும் அப்பாவும்தான். காலையில் இட்லித் தட்டை அவரிடம் கொடுக்கக் குனிந்தபோது ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று நினைத்தேன். பீரோவை நகர்த்திப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. வேட்டியைத் தூக்கினேன்.

மூன்று வருஷமாக நான் அதற்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கறுப்பு என்று படித்திருக்கிறேன். அது கறுப்பு மட்டும் இல்லை. ஓரத்தில் பச்சை, அதற்கு மேலே ஒரு சிவப்பு, கணுக்கால் வரை பளபளவென்று வீக்கம். எந்த நோயும் தீரும் என்று கோயிலில் கொடுக்கிற புற்றுமண்ணைக் குழைத்து விரல்களின் மேல் அப்பியிருந்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

"அந்தாளு கோயில்ல என்னைப் பாத்துட்டான்ட்டி" என்றார் அப்பா. யூனியன் ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். "சொன்னா நிசமாயிரும்னு தோணிச்சு."

நான் அண்ணாச்சிக்குத்தான் போன் செய்தேன். வேறு யார் ஞாபகமும் வரவில்லை. ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தவர் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கை மூடவில்லை.

"புத்துமண்ணை நெத்தியில பூசுங்க ஐயா. புண்ணுல வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம், "தண்ணி ஊத்த வேண்டாம் மேடம். சுத்தமான துணியா ஒண்ணு சுத்துங்க. திருநெல்வேலிக்குப் போயிருவோம்" என்றார்.

காரில் அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருநெல்வேலி வருகிறவரை கையை எடுக்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"நீ பாத்துட்டேல்லா வே."

"பாத்துட்டேன் ஐயா. முன்னாலயே பாத்திருக்கணும்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் அந்தச் சொல்லைத் தெளிவாக எழுதியிருந்தார். படித்ததும் என் மனசு தானாகவே எண்களைப் போட ஆரம்பித்தது. சர்க்கரையோடு கேங்ரீன், ஓர் எண். இல்லாத வலது கால், ஓர் எண். நிறுத்த முடியவில்லை. சீட்டை மடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அதை முழுதும் படித்தார். நான் சொன்னேனே என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வருவார், தரையில் உட்காருவார், அப்பாவின் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். டார்ச்சும் ஒரு கைக்கண்ணாடியும் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பார். ஒவ்வொரு விரலாக விரித்து இடுக்கில் பார்ப்பார். பஞ்சால் தொட்டு, "தெரியுதா ஐயா? இங்கன?" என்று கேட்பார். முதல் இரண்டு வாரம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு காலைக் கொடுத்தார். மூன்றாவது வாரத்திலிருந்து விடிந்ததும் காலைக் கழுவித் துடைத்து நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். கரிவலம் பஸ் தாமதமானால் என்னிடம் எரிந்து விழுவார்.

"இந்த ஒரு காலு கெடந்தாப் போதும் தம்பி" என்று ஒருநாள் அவரிடம் சொன்னார். "கோமதியும் ஒத்தைக் கால்லதானே நிக்கா."

அண்ணாச்சி சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். குறிப்பைப் படித்துத் தானே எண் போடுகிற ஒரு மென்பொருள் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. அது போட்டதைச் சரிபார்க்க இத்தனை பேர் தேவையில்லை என்றார்கள். மூன்று பேரின் பெயரை அனுப்பு என்று எனக்குக் கடிதம் வந்தது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. வேலையின் வேகத்தைப் பார்த்து என்று நானே வைத்துக்கொண்டேன். எல்லோரிலும் மெதுவானவர் அவர்தான். எல்லாக் குறிப்பையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர் வேறு எப்படி இருப்பார். முதல் பெயராக அவர் பெயரைத்தான் எழுதினேன். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்து அப்பா காலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"மேலருந்து மூணு பேரு வந்திருக்கு அண்ணாச்சி, அதுல உங்க பேரும் இருக்கு" என்று சொன்னேன்.

"சரி மேடம்."

போகத் திரும்பினவர் நின்று கேட்டார். "நான் பாக்குத குறிப்பெல்லாம் யாருக்குப் போகும்?"

"சாப்ட்வேரே பாத்துக்கிடும்."

"அந்த எழுவத்தோரு வயசு அம்மா ஒண்ணு இருக்கு மேடம். இடது குதிகாலு. அடுத்த மாசம் வரும். அதை மட்டும் ஆளு யாராவது பாக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த அம்மாவின் அடையாள எண்ணை ஒரு தாளில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் நான் தேடிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த மாதம் அந்த கிளினிக்கின் வேலையே எங்களை விட்டுப் போய்விட்டது.

வேலை போன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். "நல்லாருக்கு ஐயா, ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. அடுத்த வாரமும் வந்தார். ஊரில் ஒரு உரக்கடையில் நிற்பதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் அப்படி வந்தார். ஒவ்வொரு வாரமும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காப்பி கலப்பேன். டம்ளரைக் கொடுக்கும்போது, "சீனி போதுமா அண்ணாச்சி?" என்றுதான் வாயில் வரும்.

அப்பா ஒரு புதன்கிழமை காலையில் போனார். நெஞ்சுவலி என்றார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். கால் கட்டுவதற்குத் துணி கிழித்துக் கொண்டுவந்த தெருப் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். அங்கே ஒன்றுதான் இருந்தது.

"எதோட சேத்துக் கட்ட?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணாச்சி வந்தார். அவருக்கு யார் சொல்லிவிட்டார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. பெரியவர் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோல ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு அந்த ஒரு கட்டைவிரலில் துணியைச் சுற்றி, இறுக்காமல், குழந்தைக்குக் கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டார்.

எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துட்டிக்கு வந்தவுகளைப் பின்னால கூப்பிடக் கூடாதுட்டி. இரி."

"ஒரு வார்த்தை சொல்லணும் சித்தி."

"பெறவு சொல்லிக்கிடு."

பதினாறு கழிந்து, மேலும் ஒரு மாதம் போய், கரிவலத்துக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை. அவருடைய அம்மா கதவைத் திறந்தார்கள். நான் ஊரைச் சொன்னேன், ஆபீஸைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

"அவன் மதுரைக்குப் போயிட்டான் தாயி. ஒரு ஆஸ்பத்திரியில காலுக்குக் கட்டுப் போடுத வேலை. மாசத்துக்கு ஒருக்க வாரான்" என்றார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நீதானா பேரு எழுதிக் குடுத்த மேடம்?"

என்னால் டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தவுடனே சொல்லிட்டானே. மேடம்தான் எழுதிக் குடுத்திருக்காவ, சொல்லச் சங்கடப்படுதாவன்னு சொன்னான். எனக்கு ஆறல. ஞாயித்துக்கிழமை காலையில சாப்பிடக்கூட மாட்டான், கிளம்பிருவான். 'பேரு எழுதிக் குடுத்தவ வீட்டுக்கு ஏம்ல போறே'ன்னு நானும் வாரம் தவறாமக் கேப்பேன்."

அவர்கள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார்கள்.

"'காலு என்னம்மா செஞ்சுது'ம்பான்."